கூப்பிடு தூரம்

அட்டவணையில் இருபது நிமிடம்.
கதவு மூடுவது, திறப்பது எல்லாம் சேர்த்து.
வானத்தில் பதினொன்றுதான்.
எதிர்காற்று அடித்தால் பதின்மூன்று.

பெர்லேவோக்கிலிருந்து போட்ஸ்ஃப்யோர்டுக்குப்
பறவைக்கு முப்பத்தெட்டு கிலோமீட்டர்.
காருக்குத் தொண்ணூறு சொச்சம்,
மலைமேல் பனி மூடாத நாளில்.
மூடிய நாளில் கணக்கே கிடையாது:
பனி தள்ளும் வண்டி வரும்வரை வரிசையில் நின்று
தெர்மாஸ் வற்றும்வரை உட்கார்ந்திருக்கும் தூரம்.

என் கணக்கு வேறு.
கோபுரத்தில் ஒலிவாங்கியின் முன் உட்காருகிறவள் நான்.
விமானம் என் ஓடுதளத்தை விட்டதும் போனை எடுப்பேன்:
"கிளம்பியாச்சு. ஆட்கள் ஒன்பது."
அந்தப் பக்கம் டோர்லைஃப்:
"வரட்டும். ஓடுதளம் காலி."
பதினான்கு வருடம், நாளைக்கு இரண்டு தடவை.
ஒரே ஒரு முறை 'காலி' வரவில்லை.
"ஏழு கலைமான் நிற்குது,
விரட்டிட்டுக் கூப்பிடறேன்" என்றார்.
அன்றைக்கு விமானம் வட்டமடித்த நேரம்
பயண நேரத்தைவிட அதிகம்.

பார்த்ததில்லை.
பக்கத்தில்தானே, எப்போது வேண்டுமானாலும் போகலாம்
என்கிற இடத்துக்கு யார் போகிறார்கள்?
தெனெரீஃபேவுக்கு மூன்று முறை போயிருக்கிறேன்.

ஜனவரியில் கடைவாய்ப் பல்.
எங்கள் ஊர்ப் பல் மருத்துவர் பிரசவ விடுப்பில்.
சாலை மூன்று நாளாக மூடிக் கிடந்தது.
நாற்காலியில் வேறொருவரை உட்காரவைத்துவிட்டு
நானே ஏறினேன்.
ஆட்கள் எட்டு; எட்டில் ஒருத்தி.
பக்கத்தில் மீன் ஆலைக்குத் திரும்பும் லிதுவேனியாக்காரர்,
பெல்ட் போட்ட கையோடு தூங்கிவிட்டார்.
பணிப்பெண் தந்த மிட்டாயை
நல்ல கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டேன்.

காலை பதினொரு மணியின் நீல இருட்டு.
கீழே எது கடல், எது மலை?
நிமிடங்களை எண்ணினேன்.
ஆறாவதில் அவர் காற்றைச் சொல்லியிருப்பார்.
எட்டாவதில், ஓடுதளத்தில் பனி
எத்தனை மில்லிமீட்டர் என்று.
எனக்குக் கேட்டது விசிறிகளின் இரைச்சல் மட்டும்.
சக்கரம் தட்டியபோது
மிட்டாய் பாதிகூடக் கரையவில்லை.

பிடுங்கியாயிற்று.
திரும்பும் விமானத்துக்குக் காத்திருக்கையில்
மாடிப்படியில் ஒருவர் இறங்கி வந்தார்.
குரலை வைத்து நெட்டையாக நினைத்திருந்தேன்.
என் தோளுக்குத்தான் வந்தார்.
"ராக்ன்ஃப்ரிட்?"

ஊசியில் மரத்த வாய்.
உதடு எந்த இடத்தில் இருக்கிறதென்றே தெரியவில்லை.
பதினான்கு வருடமாக அவருக்கு நான் வெறும் வாய்,
இன்றைக்கென்று பார்த்து அது இல்லை.
தலையாட்டினேன்.
அவருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை போலும்.
"காற்று வடமேற்கு, இருபத்திரண்டு நாட்" என்றார்.
உள்ளங்கையைச் சாய்த்துக் காட்டினேன்: குறுக்கே வீசுமே?
"ஆமாம், கொஞ்சம்."
காபி கொண்டுவந்தார். குடிக்க முடியாது.
சூட்டுக்காகக் கையில் வைத்திருந்தேன்.
மேலே மணி அடித்தது. ஓடினார்.

மறுநாள் காலை:
"கிளம்பியாச்சு. ஆட்கள் ஆறு."
"வரட்டும். ஓடுதளம் காலி."
வழக்கமாக இங்கே வைத்துவிடுவார்.
"பல்?"
"அதுவும் காலி."

ஜன்னலில் வால் விளக்கு மலைக்குப் பின்னால் போய்விட்டது.
இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.
அது அங்கே போய்ச் சேர
இன்னும் ஒன்பது நிமிடம் இருந்தது.