பெயர் அட்மின், கடவுச்சொல் அட்மின்

பெரம்பூரில், பேப்பர் மில்ஸ் ரோட்டுக்குப் பின்னால்
நாற்பத்தேழு வீடுகளுக்கு
நான்தான் நெட் கொடுத்தேன்.
கம்பத்திலிருந்து முருங்கைக்கும்
முருங்கையிலிருந்து மொட்டைமாடிக்கும்
கேபிள் இழுத்தவன்.

ரவுட்டர் வைக்கும் இடம் எல்லா வீட்டிலும் ஒன்றுதான்:
செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே,
போன வருடக் காலண்டருக்குப் பக்கத்தில்.
அதற்கப்புறம் யாரும் அதன் முகம் பார்த்ததில்லை.
நூருன்னிசா அக்கா வீட்டில் மட்டும்
கதகதப்பாக இருக்கிறதென்று
பூனை அதன்மேல் படுத்துக்கொள்ளும்.

போனுக்குக் கைரேகை வைக்கிறார்கள்.
கம்ப்யூட்டருக்கு வருடா வருடம்
வைரஸ் மருந்து.
இதற்குப் பெயர் அட்மின், கடவுச்சொல்லும் அட்மின்.
நான்தான் அப்படியே விட்டேன்.
ராத்திரி யார் கூப்பிட்டாலும்
எனக்கு ஞாபகம் இருக்க வேண்டுமே.

"எங்க வீட்ல திருட என்னப்பா இருக்கு, குப்புராஜ்?"
என்று சிரித்தார் ரெஜினா டீச்சர்.
டீச்சர், அவனுக்கு உங்கள் பீரோ வேண்டாம்.
வாசல் வேண்டும்.
வங்கிக்கு வழி கேட்டு நீங்கள் வரும்போது
"இப்படிப் போங்க" என்று
வேறு தெருவுக்குக் கைகாட்ட
முச்சந்தியில் ஓர் ஆள் போதும்.

அதோடு இது தூங்காது.
டிவி அணையும், நீங்கள் படுத்துவிடுவீர்கள்,
இது மட்டும் கண் கொட்டாமல் விழித்திருக்கும்
சம்பளம் கேட்காத வேலைக்காரன்.
எந்த எஜமானன் வந்து ஏவினாலும்
சரி என்பான்.

ஐப்பசி மழை. ஒன்பதரை மணி.
ஆபீசிலிருந்து போன்:
"உங்க ஏரியாலேர்ந்து ஏதோ ஆஸ்பத்திரிய
விடாம தட்டுறாங்கப்பா,
எந்த நாடுன்னே தெரியல."
அதற்கு முன் டீச்சரிடமிருந்து மூன்று மிஸ்டு கால்.
சீரியல் சுற்றிக்கொண்டே இருக்கிறதாம்.

முழங்கால் தண்ணீரில் வீடு வீடாகப் போனேன்.
பின்பக்கத் துளையில் ஊக்கால் குத்தி
பத்து எண்ணி,
புதுக் கடவுச்சொல்லைக்
காலண்டர் தாளில் எழுதிக் கொடுத்தேன்.
நூருன்னிசா அக்கா பூனையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.
"நாங்க என்னப்பா தப்பு பண்ணோம்?"
நான்தான் அக்கா, என்று சொல்ல
வாய் வரவில்லை.

முப்பத்தொன்பதாவது வீடு பூட்டியிருந்தது.
திருப்பதி போயிருக்கிறார்களாம்.
கம்பத்தில் ஏறித் துண்டிக்கலாம்,
ஏணி வீட்டில்.
ஜன்னலுக்குள் இருட்டு.
அதற்கு நடுவே ஒரு பச்சைப் புள்ளி
படபடவென்று,
யாருக்கோ
வேலை செய்துகொண்டிருந்தது.