விழுங்கியபின் ஒரு சொல்

விழுங்கிவிட்டானா என்று பார்ப்பது என் வேலை.
ஃப்ரேசர்பரோ துறைமுகத்துக்கு இரண்டு தெரு மேலே
எங்கள் மருந்துக்கடை. ஒன்பதுக்குக் கதவு திறக்கும்.
எட்டே முக்காலுக்கே வந்து நிற்பான் ரொடெரிக் டூத்தி,
மழைக்கு முதுகைக் கொடுத்து.

மெத்தடோன், அறுபது மில்லி, பாசிப் பச்சை.
காகிதக் குவளை. பின்னாலேயே ஒரு மிடறு தண்ணீர்.
அப்புறம் அவன் வாய் திறந்து பேச வேண்டும்.
கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு போய்
வெளியே துப்பி விற்பவர்கள் உண்டு.
நிறைந்த வாய் பேசாது. அதற்காகத்தான் விதி.

"எதாவது சொல்லுங்க, மிஸ்டர் டூத்தி."
முதல் நாள் சொன்னான்: "எதாவது."

பிறகு வந்தவற்றை
ரசீதுகளின் பின்பக்கம் குறித்துவைத்தேன்.
எதற்கென்று கேட்காதீர்கள்.

"வடகிழக்குக் காத்து."
"ஹாடாக் விலை விழுந்திருச்சு."
"எலும்புக்குள்ள யாரோ நடக்கிறாங்க."
"எல்ஸ்பெத்."
(என் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் படித்தது.)
"இன்னைக்கு என் பொண்ணுக்குப் பத்து வயசு."

பத்தொன்பதில் இழுவைப்படகு ஏறியவன்.
இருபது மணிநேரம் நின்றபடி மீன் கிழிக்கும் வேலை.
கரைக்கு வந்தால் பை நிறையப் பணம்,
கண் நிறையத் தூங்காத இரவு.
இரண்டையும் வாங்கிக்கொள்ள
சுங்கச்சாவடிக்குப் பின்னால் ஒருவன் நின்றான்,
பழுப்புத் தூளோடு. கடன்கூடக் கொடுத்தான்.

அவன் சட்டைக் கையைச் சுருட்டி நான் பார்த்ததில்லை.
ஆஸ்பத்திரிக் கடிதங்கள் என் மேசைக்கு வரும்.
முழங்கை மடிப்பில் நரம்பு தீர்ந்தது,
மணிக்கட்டில் தீர்ந்தது,
கால்விரல் இடுக்கில், பிறகு தொடை இடுக்கில்.
கிழிந்த வலையில் கண் மூடிக் கண்ணி தேடும் விரல்கள்
தன் உடம்பிலேயே தேடிக்கொண்டிருந்தன
ஊசி நுழைய ஓர் இடம்.
கெண்டைக்காலில் ஆறாத குழி.
இதயத்தின் சின்னக் கதவொன்றில்
கிருமி குடியேறி, கதவு சரியாக மூடுவதில்லையாம்.
மேல்வரிசையில் மூன்று பல்.
முப்பத்தாறு வயது.

வீட்டில் போனவை:
படகில் அவனுக்கிருந்த பங்கு. வேன்.
அம்மாவின் குளிர்பெட்டி, உள்ளே இருந்த மீனோடு.
மனைவி தானாகப் போனாள்; அவளை அவன் விற்கவில்லை.
இது அவனே சொன்ன வேடிக்கை,
வரிசையில் யாரும் சிரிக்கவில்லை.

நவம்பரில் ஒரு காலை நீளமாகப் பேசினான்.
விதிக்கு ஒரு சொல் போதும்.
"சிவப்பு சைக்கிள். நான்தான் வித்தேன், பத்து பவுண்டுக்கு.
காணோம்னு அழுதா.
அவளோட சேர்ந்து நானும் தேடினேன்.
மூணு தெரு. இருட்டுற வரைக்கும்.
குனிஞ்சு குனிஞ்சு வேலிக்கு அடியில எல்லாம் பார்த்தேன்.
'அப்பா, நாளைக்கும் தேடலாமா'ன்னா.
தேடினோம்."

குவளையைக் கசக்கித் தொட்டியில் போட்டுவிட்டுப் போனான்.
அடுத்து நின்ற கிழவிக்கு
இருமல் மருந்தை இரண்டு முறை எண்ணிக் கொடுத்தேன்.

போன திங்கள், குவளை காலி, வாய் மூடியிருந்தது.
"சொல்லுங்க," என்றேன்.
தாடை அசையவில்லை.
கண்ணாடிக்கு அப்பால், கார் நிறுத்துமிடத்தில்,
கழுத்துப்பட்டியைத் தூக்கிவிட்ட ஒரு பையன் காத்திருந்தான்.
மணி பார்த்தேன். புகார்த் தாள் இழுப்பறையில் இருக்கிறது.
இழுப்பறையின் பிடியில் என் கை இருந்ததை
அவனும் பார்த்தான்.
ரொம்ப நேரம் கழித்துத் தொண்டைக்குமிழ்
ஒருமுறை ஏறி இறங்கியது.

"கசக்குது," என்றான்.

செவ்வாய் வரவில்லை. புதன் வரவில்லை.
மூன்று நாள் தவறினால் சீட்டு செல்லாது,
மறுபடி முதலிலிருந்து: டாக்டர், மூத்திரச் சோதனை, காத்திருப்பு.
இன்று வியாழன்.

அறுபது மில்லியை அளந்து ஊற்றி மூடிவைத்திருக்கிறேன்.
மணி எட்டு ஐம்பத்திரண்டு.
வாசலில் அவன் நிற்கும் இடத்தில்
மழை நேராகத் தரையில் விழுகிறது.