ஐந்நூற்றுப் பதினேழு

மைனஸ் முப்பத்தொன்று.
காரின் வயிற்றில் மின்கம்பியைச் செருகிவிட்டு வந்தேன்,
எஞ்சின் உறைந்துவிடாமல் இருக்க.
சாஸ்கடூனில் வாகனங்களுக்கும் சேலைன் ஏற்றுவார்கள்.

சிறுகுறிஞ்சான் பொடி
கொல்லிமலை அடிவாரத்திலிருந்து வந்தது.
மூன்று விமானம், சுங்கத்தில் பதினொரு நாள்.
பொட்டலத்தின் மேல் சிவப்பெழுத்தில்:
மனிதர் உட்கொள்வதற்கு அல்ல.
கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.

முதலில் நிறச் சோதனை.
குப்பியில் கத்தரிப்பூ ஊதா:
ஓர் எலக்ட்ரான் குறைந்துபோய்
எதைக் கண்டாலும் பிடுங்க அலையும் மூலக்கூறு.
இலைச்சாறு சொட்டு விட்டு
அரைமணி நேரம் இருட்டில் வைக்க வேண்டும்.
பிறகு ஐந்நூற்றுப் பதினேழு நானோமீட்டர் ஒளியில்
எவ்வளவு ஊதா மிச்சம் என்று பார்க்க வேண்டும்.
மிச்சமில்லை.
காமாலைக்காரன் கண்ணின் மஞ்சள்.
இலை தன்னிடம் இருந்ததைக் கொடுத்துவிட்டது.
கொடுத்த பிறகு அது என்ன ஆகும் என்று எழுத
படிவத்தில் கட்டமில்லை.

எலிகளுக்கு வருகிறேன்.
அவற்றுக்குச் சர்க்கரை வந்ததல்ல, தந்தது.
தந்தவள் நான்.
இடக்கையில் பிடரி, வலக்கையில் ஊசி.
ஒரே ஊசி, கணையம் கைவிரித்துவிடும்.

இரண்டாம் குழுவுக்கு இலைச்சாறு.
மூன்றாம் குழுவுக்கு வெறும் தண்ணீர்.
யாராவது வெறும் தண்ணீர் குடித்தாக வேண்டும்,
இல்லையென்றால் எதையும் நம்ப முடியாது.
மூன்றாம் குழுவில் காது கிழிந்த ஒன்று
என் கையுறையைக் கண்டால் கம்பியோரம் வந்து நிற்கும்.
அதற்குப் பேர் வைக்கவில்லை.
வைத்தேன். சொல்ல மாட்டேன்.

இருபத்தெட்டாம் நாள்
இரண்டாம் குழு: இருபத்திரண்டிலிருந்து பன்னிரண்டு.
மூன்றாம் குழு: இருபத்து நான்கு.
நான், கழிப்பறையில் கதவைச் சாத்தி விரலைக் குத்தி:
ஒன்பது புள்ளி ஏழு.
என்னை எந்தக் குழுவிலும் சேர்க்கவில்லை.

'குணமாக்கும்' என்று தலைப்பில் போடலாமா
என்று கேட்டான் மாணவன் டெவின்.
'குறைத்தது' போதும் என்றேன்.
எலிகளில். இருபத்தெட்டு நாளில்.
என் கோட்டுப் பாக்கெட்டில் மெட்ஃபார்மின் அட்டை
நெருநெருத்தது.

இருபத்தொன்பதாம் நாள்
ஈரலைப் பார்த்தாக வேண்டும்.
இரண்டாம் குழு, மூன்றாம் குழு,
எல்லாம் ஒரே காலையில்.
இலை குடித்தவற்றின் ஈரல் வழவழவென்று
நல்ல செம்பழுப்பில் இருந்தது.
எவ்வளவு ஆரோக்கியம் என்று குறித்துக்கொண்டேன்.

மதியம் டாக்டர் ஹெல்கா ஃப்ரீசன்
வரைகோடு இறங்கிய மகிழ்ச்சியில்
சாஸ்கடூன் பெர்ரி பை சுட்டுக் கொண்டுவந்தார்.
சற்று முன்புதான் நான்
சிவப்பெழுத்தை மீறி ஒரு சிட்டிகையை
நாக்கில் தேய்த்திருந்தேன்.
கசப்பு. அப்புறம் ஒன்றுமில்லை.
வாயில் மாவு இருந்தது, வெண்ணெய் இருந்தது,
பழத்தின் புளிப்பும் விதையின் பாதாம் வாசனையும்.
மேலே தூவிய சர்க்கரை
ஆற்றுமணலாகப் பல்லில் நெறிபட்டது.
நெறிபட்டதோடு சரி.
"எப்படி?" என்றார் ஹெல்கா.
"இப்போதுதான் பழத்தைச் சாப்பிடுகிறேன்" என்றேன்.
பாராட்டு என்று நினைத்து
இன்னொரு துண்டு வைத்தார்.

மாலை மின்கம்பியைப் பிடுங்கிக் காரை எடுத்தேன்.
பாலத்துச் சிக்னலில் நிற்கையில்
உதட்டோரம் ஒட்டியிருந்த துணுக்கு
திடீரென்று இனித்தது.
பச்சை விழுந்தது.
பின்னால் நின்றவன் ஹாரன் அடித்தான்.
நான் இன்னும் விழுங்கவில்லை.