டவர் மாறும் இடம்

முகுந்தராயர் சத்திரத்தில்
நண்டு எடை எழுதும் வேலை எனக்கு.
மத்தியானம் தராசு ஓய்ந்ததும்
கிழக்கே நடப்பேன்.
பழைய தண்டவாளம் மணலுக்குள் இறங்கும் இடம் தாண்டி
நூறு எட்டு.
போன் ஒருமுறை நடுங்கும்:
இலங்கைக்கு நல்வரவு.

அதன்பிறகு யாரும் கூப்பிட முடியாது.
என் சிம் அதற்கெல்லாம் பணம் கட்டியதில்லை.
வாங்க என்று சொல்லிவிட்டு
வாசலிலேயே நிறுத்திவைக்கும் நாடு.
போதும். அங்கே உட்கார்ந்துதான்
சோறு தின்பேன்.

நாலு வருடம் படித்ததும் இதைத்தான்.
அலைவரிசை, கோபுரத்தின் உயரம்,
உப்புத்தண்ணீர் மேல் சிக்னல்
ஏன் அவ்வளவு தூரம் வழுக்கிப்போகிறது என்பது.
அதற்கு மூன்று லட்சத்து இருபதாயிரம்.
இப்போது ஐந்து எண்பத்து நாலு, சொச்சம்.
சொச்சம் எவ்வளவு என்றால்
வாரம் ஒரு பதில்.

திங்கட்கிழமை தன் பேர் விக்னேஷ் என்றான்.
வியாழக்கிழமை அதே தொண்டை, அருண்குமார்.
“பேர்லயே நம்பு வெச்சிருக்க நம்புச்செல்வி,
உன்ன எப்படிம்மா நம்புறது?”
பின்னால் யாரோ சிரித்தார்கள்.
நம்புநாயகிக்கு நேர்ந்து வைத்த பேர்.
அவனுக்கு அதைச் சொல்லவில்லை.

நண்டு முதலாளிக்குப் போட்டிருக்கிறார்கள்.
எனக்குப் பத்தாவதில் கணக்கு எடுத்த டீச்சருக்கு.
தொண்டியிலிருந்து பெண் பார்த்துப் போனவர்களுக்கு,
“சும்மா, விலாசம் சரிபார்க்க.”
தொண்டிக்காரர்கள் பிறகு பேசவில்லை.
(மாப்பிள்ளை நகம் கடிப்பான். போகட்டும்.)

அம்மாவுக்கும் அடிக்கிறார்கள், ஜாமீன் அவள்தான்.
வங்கியில் அன்றைக்கு அவளுக்கு ரேகை விழவில்லை.
பாறையில் பாசி பிய்த்துப் பிய்த்துக்
கட்டைவிரல் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது.
மேனேஜர் மூன்று தரம் ஒற்றினார்.
நாலாவதில் ஒரு கறை விழுந்தது.
இது போதும் என்றார்.

குருசடைத் தீவுப் பக்கம், வள்ளத்தில்,
தூக்குவாளிக்குள், பாலித்தீன் பைக்குள்
அம்மாவின் போன்.
பதினோரு பெண்களும் அடியில்.
விரலில் துணி சுற்றி,
மூச்சை வாய்க்குள் அடைத்துக்கொண்டு.
மேலே ஆளில்லாத வள்ளத்தில்
மணி அடிக்கிறது.
நிற்கிறது.
அடிக்கிறது.
எந்தத் தலை முதலில் மேலே வருகிறதோ
அதுதான் ஈரக் கையோடு எடுத்து
அம்மாவுக்காக வசவு வாங்கும்.

போன மாதம் நேரிலேயே வந்தார்கள், இரண்டு பேர்.
சின்னப்பாலம் முழுக்கக் கேட்கும்படி
என் பேரையும் தொகையையும் கத்திக்கொண்டு.
கத்தி முடித்துத் திரும்பும்போது
பைக் மணலில் புதைந்தது.
முறுக்க முறுக்க இன்னும் கீழே போனது.
பாலீஷ் போட்ட ஷூ, உள்ளே அரைப்படி மணல்.
யாரும் நகரவில்லை.
நான்தான் போய்ப் பின்னால் பிடித்துத் தள்ளினேன்,
தள்ளாவிட்டால் போகமாட்டார்களே.
“தேங்க்ஸ்மா” என்றான் பின்னால் இருந்தவன்,
அதே தொண்டை.
மறுநாள் எட்டு அடிக்க ஐந்து நிமிடம் இருக்க
அடித்தான்.

இன்று நூறு எட்டு போய்
சோற்றை முடித்துத் திரும்பினேன்.
தண்டவாளம் தாண்டியதும் போன் துள்ளியது,
வலையில் கொட்டிய சாளை மாதிரி.
பதினேழு தவறிய அழைப்புகள்.
பதினெட்டாவதை எடுத்தேன்.

“எட்டு மணிக்கு முன்னாடி அடிக்கக் கூடாது,
உங்க ரூல்தான்.
கணக்க எழுத்துல அனுப்புங்க,
சொச்சத்தோட.
எங்க அம்மாவுக்கு அடிக்காதீங்க,
அவங்க தண்ணிக்குள்ள இருப்பாங்க.”

கொஞ்ச நேரம் எதுவும் வரவில்லை.
அவனுக்கு எழுதிக்கொடுத்த தாளில்
இந்த வரி இல்லை போல.
“எந்தத் தண்ணி?” என்றான்.

கடல், என்றேன்.

பேனா ஓடுகிற சத்தம் கேட்டது.
விலாசத்துக்கான கட்டத்தில்
எழுதிக்கொண்டான் என்று நினைக்கிறேன்.