கோட்டுப் பக்கம்

கரண்ட் பில்லின் முதுகில் எழுதியிருக்கிறோம்
இந்தக் கோடைக்குப் பார்க்க வேண்டிய கபடி மைதானங்களை.
ஏழு ஊர். கையில் ஞாயிறு நாலுதான்.
பேனா என்னிடம்.
அடிக்கும் அதிகாரம் ஜோஸ்பினிடம்.

அவள் மாட்டுத்தாவணியில் பூ மொத்தக் கடைக் கணக்கு.
நான் சிம்மக்கல்லில் ஜெராக்ஸ்.
கபடிக் கிறுக்கு என்று இரண்டு வீட்டிலும் சொல்லிக்கொள்கிறார்கள்,
இன்னும் கல்யாணம் ஆகாததற்கு
ஒரு காரணம் கிடைத்த நிம்மதியில்.

ஆம்பளைகளுக்குக் கேள்வி ரெண்டு:
யார் யார் ஆட்டம், பரிசு எவ்வளவு.
நாங்கள் முதலில் கேட்பது
கடைசி பஸ் எத்தனை மணிக்கு.
அடுத்தது
பள்ளிக்கூடத்துக் கழிப்பறைச் சாவி யாரிடம்.
வெளிச்சம், மண், புழுதி
எல்லாம் அதற்குப் பிறகு.

சோழவந்தான் இருக்கட்டும்.
ரயிலில் போய் ரயிலில் திரும்பலாம்.
முதல் பாதி முடிவதற்குள்
ஆற்றுப் பக்கமிருந்து ஒரு காற்று வரும்,
ஆடுகிறவர்களுக்கு முன்னால் நமக்கு வேர்வை அடங்கும்.

மேலூர் தாண்டி அந்த ஊர்?
மேட் விரித்த களம், உட்கார நாற்காலி,
கயிறு கட்டிப் 'பெண்கள் பகுதி' என்று எழுதியும் வைத்திருந்தார்கள்.
கயிற்றுக்கு முன்னால் ஆளுயர ஸ்பீக்கர்.
மூன்று மணி நேரம்
ஸ்பீக்கரின் முதுகைப் பார்த்துவிட்டு வந்தோம்.
அடி.

உசிலம்பட்டிக்கு
மைக் பிடிக்கிற அந்த ஒரு மனிதருக்காகவே போகலாம்.
அங்கே மூச்சை விடாமல் பாடுவது
ஆட்டக்காரன் இல்லை, அவர்தான்.

திருமங்கலத்தில் எங்கள் அணி ஜெயித்ததே இல்லை.
வாழைக்காய் பஜ்ஜி நன்றாக இருக்கும்.
ஜோஸ்பின் யோசிக்கிறாள்.
பஜ்ஜி ஜெயிக்கிறது.

டவுன் ஸ்டேடியத்தில் ஒரு குறையும் இல்லை.
கூரை, குழாயில் தண்ணீர், படிப்படியாய் கேலரி,
மழை வந்தாலும் தலை நனையாது.
மேலே உட்கார்ந்தால் பதினாலு பேரும் தெரிவார்கள்.
ஒருவனுடைய கால் விரலும் தெரியாது.

விரல் என்றதும்
ரெண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டோம்.

போன வருஷம்,
கருமாத்தூருக்கு அப்பால்
வறண்ட கண்மாய்க்குள் களம்.
கருவேலங் கம்புகளில் டியூப்லைட், லைட்டைச் சுற்றிப் பூச்சி,
ஜெனரேட்டர் வர ரெண்டு மணி நேரம்.
நாற்காலி இல்லை. சாவி இல்லை, ஏனென்றால் கதவே இல்லை.
இடம் கேட்டு நகர்ந்து நகர்ந்து
சுண்ணாம்புக் கோட்டை ஒட்டிக் குத்தவைத்திருந்தேன்.

முப்பத்தொன்று, முப்பத்தொன்று.
கடைசிப் பாட்டு.
எங்கள் ஒச்சப்பன் உள்ளே போய்
ஒருத்தனைத் தொட்டுவிட்டுச் சுழன்றான்.
சுழற்சியில் இடது கட்டைவிரல்
என் முழங்காலுக்கு ஒரு சாண் தூரத்தில்
கோட்டைத் தாண்டி மண்ணில் பதிந்தது.
நடுவர் அந்தப் பக்கம்.

'கோடு!' என்று கத்தியது நான்தான்.
கத்திய பிறகுதான்
அது எங்கள் அணி என்று ஞாபகம் வந்தது.

கண்மாய் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.
எவடா அது என்றது ஒரு குரல்.
நடுவர் என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார்.
ஒச்சப்பன் குனிந்து தன் காலைப் பார்த்தான்.
விரலில் சுண்ணாம்பு.
கையைத் தூக்கிக்கொண்டு
அவனே வெளியே நடந்தான்.

ஒரு புள்ளியில் தோற்றோம்.
மெயின் ரோடுவரை இருட்டில் நடந்தோம்,
ஜோஸ்பின் பேசவில்லை.
டீக்கடை வெளிச்சத்தில் கேட்டாள்:
'பார்த்தா, பார்த்ததோட இருக்கக் கூடாதா?'
'நாம மட்டுந்தான்டி பார்த்தோம்' என்றேன்.
அவள் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தாள்,
பஸ் வரும்வரை.

இந்தப் பட்டியலில் அதை நான் சேர்க்கவே இல்லை.

பேனாவைப் பிடுங்குகிறாள்.
சோழவந்தானுக்கும் மேலே,
மின் இணைப்பு எண்ணை நெருக்கிக்கொண்டு எழுதுகிறாள்:
கருமாத்தூர்க் கண்மாய்.
பக்கத்திலேயே பொடி எழுத்தில்:
மத்தியானத்திலிருந்து தண்ணீர் குடிக்க வேண்டாம்.
சீக்கிரம் போய்க்
கோட்டுப் பக்கம் இடம் பிடிக்கணும்.