பரணில் ஆயிரம் வாலா

மே மாதம், காலை ஒன்பதரை.
பால் சொசைட்டி மேடையில் மட்டும்தான்
இரண்டு கட்டை சிக்னல்.
எழுபது வீடும் அங்கே நிற்கிறது.
என் பதிவெண் எல்லார் வாயிலும்,
பிறந்த தேதியும்தான்.
ஒன்றாம் வகுப்பில் சேர்த்த அன்று
வாத்தியார் போட்டுவிட்ட பொய்த் தேதி.
உண்மைத் தேதி அம்மாவுக்கே தெரியாது,
ராகி அறுப்பு முடிந்த வாரம் என்பாள்.

இந்த வருஷம் ஊரில் பன்னிரண்டாவது எழுதியது
இரண்டே பேர்.
நானும் எதிர்வீட்டு முனிராஜும்.
ஒரே மினி பஸ்ஸில் பென்னாகரம் போனோம்.
கடைசிப் பரீட்சை அன்று
பேனா மையை மாறி மாறி உதறிக்கொண்டோம்.
அவன் சட்டைக்கு அவன் அம்மா
என்னைத்தான் திட்டினாள்.

ஐந்நூற்றுப் பன்னிரண்டு!
சொசைட்டி கோவிந்தராஜ் அண்ணன் கத்தி வாசித்தார்.
யாரோ பால் கேன் மூடியில் தாளம் போட்டார்கள்.
பிறகு அவன் எண்ணைத் தட்டினார்.
வட்டம் சுற்றியது.
சுற்றியது.
அண்ணன் வாசிக்கவில்லை.
போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
"யாருப்பா அடுத்தது, பாலை ஊத்து" என்றார்.

இயற்பியலில் நாலு மார்க்.

வீட்டுக்கு இருபது ரூபாய் போட்டு வாங்கிய
ஆயிரம் வாலா
எங்கள் வீட்டுப் பரணுக்குப் போனது.
அவன் திரும்ப எழுதட்டும், சேர்த்தே வெடிக்கலாம்.
யார் சொன்னது என்று தெரியாது.
என்னை யாரும் கேட்கவில்லை
என்பது மட்டும் தெரியும்.

அன்று ராத்திரி எனக்குக் கோபம்,
சொல்லிவிடுகிறேனே.
அப்பா வாங்கி வந்த ஜாங்கிரியை
அம்மா முந்தானைக்குள் மறைத்து
பின்வாசல் பின்வாசலாகக் கொடுத்து வந்தாள்,
திருட்டுப் பொருளைப் பங்கு வைப்பதுபோல.

முனிராஜ் நாலு நாள் வெளியே வரவில்லை.
அஞ்சாம் நாள் மேட்டுக் கிணற்றுப் பக்கம் நடந்தான்.
பின்னாலேயே ஆட்டை ஓட்டிக்கொண்டு ஒருத்தர்,
கொஞ்சம் தள்ளி இன்னொருத்தர்.
புல்லே முளைக்காத அந்த மேட்டில்
எதற்கு இத்தனை ஆடு?
அவனுக்கும் தெரியும்.

குழாயடியில் என்னிடம் சொன்னான்:
"நீங்க அன்னிக்கே வெடிச்சிருந்தா
நான் பாட்டுக்கு பெங்களூர் ஓடியிருப்பேன்.
எதாவது பேக்கரியில
நிம்மதியா ரொட்டி சுட்டுக்கிட்டிருப்பேன்.
இப்ப எங்க ஓடறது?
உன் பட்டாசு இல்ல என் தலைமேல இருக்கு."

குடம் நிரம்பி வழிந்தது.
பதில் சொல்லத் தெரியவில்லை.
பரணுக்குக் கீழே படுப்பவள் நான்,
அதை மட்டும் சொன்னேன்.

அதற்கப்புறம் தினமும் ராத்திரி
அவன் வீட்டு லைட் அணையும்வரை விழித்திருந்தேன்.
பாசம் கீசம் ஒன்றும் இல்லை.
தூங்கிவிட்டானா படிக்கிறானா என்று பார்க்க.
ஒருநாள் ஒன்பது மணிக்கே அணைந்தது.
எழுந்து போய்க் கதவைத் தட்டினேன்.
"கரண்ட் இல்லடி" என்றான் இருட்டிலிருந்து.
ஊர் முழுக்கவே இருட்டு.
நான் கவனிக்கவே இல்லை.

ஜூலையில் நான் தர்மபுரியில், கல்லூரி விடுதியில்.
மதியச் சாப்பாட்டு வரிசையில் போன் அடித்தது.
"முப்பத்தஞ்சு!"
கோவிந்தராஜ் அண்ணன் குரல் உடைந்திருந்தது.
"மொத்தமே முப்பத்தஞ்சு, ஒண்ணு கூட இல்ல,
ஒண்ணு குறையவும் இல்ல!
இரு, இரு, வைக்காத"
என்று போனைத் திரிப்பக்கம் நீட்டினார்.

பட்.
பட் பட்.
அப்புறம் ஒன்றுமே இல்லை.
யாரோ இருமினார்கள். ஒரு நாய் குரைத்தது.
பட்.

"அவ்வளவுதானாண்ணா?"
"பரண் ஒழுகியிருக்கு போல, நமுத்துப் போச்சு.
மேடையில காய வெச்சிருக்கோம்.
முனிராசு காவல் இருக்கான்.
சனிக்கிழம வந்துடு."

தட்டோடு வரிசையில் நின்று சிரித்தேன்.
கண்ணைத் துடைத்துக்கொண்டும் சிரித்தேன்.
பின்னால் நின்ற ஓசூர்ப் பெண்
என்ன விசேஷம் என்றாள்.

பாஸாயிட்டேன், என்றேன்.