அரைப் பேர்

ஐந்நூற்று நாற்பத்தைந்து.
பம்பலப்பிட்டியில், மூன்றாம் மாடியில்,
மலையில் பிறந்தவளுக்கும் விரல் விறைக்கிற
அந்த ஏசிக் குளிரில்
திரையில் வந்து நின்ற எண்.
வெளியே வரும்போது செக்யூரிட்டி கேட்டார்,
"முடிஞ்சுதா மிஸ்?"
முடிந்தது.

சிங்கப்பூர்க் கல்லூரியின் பக்கத்தில்
சராசரி போட்டிருக்கிறார்கள்:
அறுநூற்று அறுபத்தைந்து.
இதற்கு எங்கள் தோட்டத்தில் ஒரு சொல் உண்டு.
பதினெட்டுக் கிலோ கொழுந்துக்கு ஒரு பேர்.
குறைந்தால் அரைப் பேர்.
ஐந்து வருடமாகச் செக்ரோலில் நானே எழுதுகிறேன்,
நீல மையில், கோடு தாண்டாமல்.
காலையிலிருந்து மலையில் நின்றது முழு ஆள்.
ஏட்டில் ஏறுவது பாதி.

அந்தப் பரீட்சையில் ஒருவகைக் கேள்வி வரும்.
விடையைக் கேட்க மாட்டார்கள்.
கொடுத்த தகவல் விடைக்குப் போதுமா,
அதை மட்டும் சொல் என்பார்கள்.
முதற் கூற்று தனியே போதும்.
இரண்டாவது தனியே போதும்.
சேர்ந்தால் போதும்.
சேர்ந்தாலும் போதாது.

திரும்பி வந்த பஸ்ஸில்,
கினிகத்தேனை ஏற்றத்தில் காதடைக்க,
எனக்கு நானே ஒன்று போட்டேன்:
யசோதினி விண்ணப்பிக்கலாமா?
ஒன்று: கட்டணம் அவள் சம்பளத்தில் பாதி.
இரண்டு: விண்ணப்பிக்காத எவரையும்
அவர்கள் இதுவரை சேர்த்ததில்லை.
வட்டவளை தாண்டியும் விடை வரவில்லை.

ஒபிசில் சஞ்சீவனி சொல்கிறாள்,
காசு சேர்த்து மே மாதம் மறுபடி எழுது.
தம்பி சொல்கிறான்,
"அனுப்பித் தொலை.
வேணாம்னு சொல்றது அவங்க வேலை,
அதையும் நீயே ஏன் செய்ற?"
தனித்தனியே இரண்டும் சரி.

படிவத்தின் கடைசியில் ஒரு பெட்டி.
கட்டாயமில்லை என்கிறது.
விளக்க வேண்டியது ஏதுமிருந்தால்
முந்நூறு சொற்களுக்குள்.
நேற்றிரவு அதில் ஞானசவுந்தரியை எழுதினேன்.
மழை நாள்,
ஈரத்துக்கென்று நான் இரண்டு கிலோ வெட்டியது,
வெட்டியபின் பதினேழு எண்ணூறு,
"திருப்பி நிறுங்க" என்று
தராசடியை விட்டு அவள் நகராமல் நின்றது,
லொறிக்காரன் ஹோர்ன் அடித்தது.
நல்ல கதை.
தொடக்கத்தில் பனிமூட்டம், முடிவில் படிப்பினை.
வாசிக்கிறவர் கண்கூடக் கலங்கலாம்.

ஒன்றை மட்டும் எழுதவில்லை:
நான் திருப்பி நிறுக்கவில்லை.

அவளுடைய இருநூறு கிராமைக் கொடுத்து
எனக்கொரு இடம் வாங்கப் பார்த்தேன்.
அழித்தேன், கடைசி எழுத்திலிருந்து முதலெழுத்துவரை,
விரலை எடுக்காமல்.

அவர்களுடைய நள்ளிரவு எங்களுக்கு ஒன்பதரை.
ஒன்பது பத்துக்கு வீட்டில் சிக்னல் போனது.
போனும் டோர்ச்சுமாகத் தண்ணீர் டாங்கியடிக்கு ஏறினேன்,
அங்கேதான் இரண்டு கோடாவது வரும்.
கீழே தொழிற்சாலையில்
கொழுந்து வாட்டும் விசிறிகள் இரைந்துகொண்டிருந்தன.
பெட்டிக்குள் எழுதினேன்:
தொட்டியும் குழாய்களும் வந்த ஒரு கேள்விக்கு
ஏழு நிமிடம் கொடுத்துவிட்டேன்.
விட்டுவிட்டுப் போகத் தெரியவில்லை.
வேறு காரணமில்லை.
முந்நூறில் இருபது சொல்கூட ஆகவில்லை.

வட்டம் சுற்றியது.
திரையில் பனி நீராய்ப் படிய
ஸ்வெட்டர் கையால் துடைத்தேன்.
அது பாட்டுக்குச் சுற்றியது.

முதலில் வந்தது வங்கியின் குறுஞ்செய்தி:
இவ்வளவு கழிக்கப்பட்டது, மீதி இவ்வளவு.
கல்லூரியிடமிருந்து இன்னும் ஒன்றுமில்லை.

இறங்கும்போது,
காலை சறுக்கும் அந்த மூன்றாம் படியில்,
நினைத்துக்கொண்டேன்:
நாளைக்குக் கொழுந்து வருமுன்
தராசை வெறுமனே ஒருதரம் பார்க்க வேண்டும்,
முள் பூச்சியத்தில்தான் நிற்கிறதா என்று.